அப்பாவின் கொலஸ்ட்ரோல் 168க்கு இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?

படுவான்கரையான் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் வந்து 19 வருடம். கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகப் போய், தைப்பொங்கல் கழிந்த கையோடு டயலிசிஸ் தொடங்கினோம். கிழமைக்கு இரண்டு தரம் மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு டவுணுக்குப் போய் வருகிறோம். (2014க்கு முன் என்றால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்திருக்க வேண்டும். இந்த உடம்போடு அதை நினைத்தும் பார்க்க முடியவில்லை.)

இன்று ரத்தக் கொழுப்பு ரிப்போட் கைக்கு வந்தது. போன வருட ரிப்போட்டும் கிளினிக் கொப்பிக்குள் மடித்தபடி கிடந்தது. இரண்டையும் எழுதுகிறேன், எல்லாம் மில்லிகிராம் கணக்கில். (எல்டிஎல் கெட்ட கொலஸ்ட்ரோல், எச்டிஎல் நல்லது, ட்ரைகிளிசரைட் இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு என்கிறார்கள்.)

போன வருடம்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 262, ட்ரைகிளிசரைட் 248, எச்டிஎல் 36, எல்டிஎல் 176.
இப்போது: மொத்தம் 168, ட்ரைகிளிசரைட் 312, எச்டிஎல் 29, எல்டிஎல் 77.

கொலஸ்ட்ரோலுக்கான குளிசை அட்டோர்வாஸ்டாட்டின் 20 போன வருடம் தொடங்கியது. இப்போது ஒரு நாளைக்கு 11 குளிசை விழுங்குகிறார். "கொழுப்புத்தான் இறங்கிற்றே, இன்னும் எதுக்குடா இது" என்று அந்த ஒன்றை மட்டும் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டார். கனடாவில் இருக்கும் அக்கா நிறுத்தாதே என்கிறார். சித்தப்பா நிறுத்து என்கிறார். கிளினிக் இன்னும் பதினாறு நாளில். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக் காத்து | ஞாயிறு, இரவு 9.31

எல்டிஎல் 77ஆ? எனக்கு 158 தம்பி. அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள், நாளைக்கே நானும் அதைத் தொடங்குகிறேன்.

படுவான்கரையான் | ஞாயிறு, இரவு 9.40

ஒன்றும் சாப்பிடுகிறார் இல்லை அண்ணே, அதுதான் கவலை. இரண்டு குழல் பிட்டை ஒரே இருப்பில் முடிக்கிற மனிதர், இப்போது அரைக் குழலைக் கிள்ளிவிட்டுக் கோப்பையைத் தள்ளுகிறார். இறைச்சி வாசமே ஆகாது என்கிறார். 67 கிலோ இருந்தவர், இப்போது 58.

சாய்ந்தமருது நானா | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, அவசரப்பட்டு எதையும் நிறுத்த வேண்டாம். எங்கள் உம்மாவுக்கும் சீனியால்தான் கிட்னி போனது. அவவுக்கு மெஷின் இல்லை, வீட்டிலேயே வயிற்றில் பை மாற்றுவது. ஒரு நாளைக்கு நாலு பை. ஒன்றரை வருடமாக நானும் ராத்தாவும் மாறி மாறிச் செய்கிறோம். கையைக் கழுவிக் கழுவி என் விரல் தோலே உரிந்துவிட்டது.

உங்கள் அப்பாவுக்கு நேர்மாறு நடந்தது இங்கே. பை தொடங்கின பிறகு உம்மாவின் கொழுப்பு ஏறிப்போனது. போன மாத ரிப்போட்டில் கொலஸ்ட்ரோல் 6.4, ட்ரைகிளிசரைட் 3.6. எண்களைப் பார்த்தால் உங்கள் அப்பாவை விடக் குறைவு போலத் தெரிகிறது, டொக்டர் ஏன் முகத்தைச் சுளித்தார் என்று விளங்கவில்லை. நோன்பு காலம் போல ஒன்றும் பெரிதாகச் சாப்பிடாத மனுஷிக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

ஆய்வுகூடத்தான் | ஞாயிறு, இரவு 10.22

நானா, அலகு வேறு. உங்களது மில்லிமோல் கணக்கு, தம்பியுடையது மில்லிகிராம் கணக்கு. கொலஸ்ட்ரோலை 38.67ஆல் பெருக்குங்கள், ட்ரைகிளிசரைட்டை 88.57ஆல். உம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் 247, ட்ரைகிளிசரைட் 319. டொக்டர் முகம் சுளித்தது சரிதான். ஒரு ஆய்வுகூடம் ஒரு கணக்கில் கொடுக்கும், அடுத்த தெருவில் இருப்பது இன்னொரு கணக்கில் கொடுக்கும். ரிப்போட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் வாசியுங்கள்.

சாய்ந்தமருது நானா | ஞாயிறு, இரவு 10.26

யா அல்லாஹ். ஒரு மாதமாக 6.4 என்று சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளைக்கோட்டு | திங்கள், அதிகாலை 1.40

இரவு டியூட்டி. விடுதி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதனால் நீட்டி எழுதுகிறேன். நான் சிறுநீரக நிபுணர் அல்ல, பொது மருத்துவ விடுதியில் வேலை செய்கிற டொக்டர். இதை வைத்து யாரும் மருந்தை மாற்ற வேண்டாம். கிளினிக்கில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள வாசியுங்கள்.

காத்து அண்ணன் பகிடியாகக் கேட்டாரே, என்ன சாப்பிடுகிறார் என்று, அதுதான் முதல் கேள்வி.

போன வருடம் அப்பாவின் சிறுநீர் நுரை நுரையாகப் போயிருக்கும். சீனியால் பழுதான கிட்னி ஆல்புமின் என்ற புரதத்தை ஒழுக விடும். ரத்தத்தில் அது குறையக் குறைய, ஈரல் ஈடுகட்டப் பார்த்து வேலையைக் கூட்டும். அந்த ஓட்டத்தில் கொலஸ்ட்ரோல் சுமக்கும் துகள்களையும் செய்து தள்ளும். 262 வந்தது பெரும்பாலும் அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது சிறுநீரே அருகிவிட்டது, ஒழுகுவதும் குறைவு.

அடுத்தது குளிசை. அட்டோர்வாஸ்டாட்டின் 20 எல்டிஎல்லை ஏறக்குறைய நாற்பது வீதம் இறக்கும். அப்படியானால் 176 இருந்தது 105 அளவில் நின்றிருக்க வேண்டும். 77 வரை போயிருக்கிறது. ஒழுக்கு குறைந்ததில் கொஞ்சம் போயிருக்கலாம். மற்றது பசியில் போயிருக்கிறது. ஒன்பது கிலோவோடு சேர்ந்து போயிருக்கிறது. அதுவும் டயலிசிஸ் ஆட்களுக்கு உடம்பில் தண்ணீர் தேங்கும். தராசு 58 காட்டினால் உண்மையான சதை அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஆல்புமின் எவ்வளவு என்று கொப்பியில் பாருங்கள்.

டயலிசிஸில் இருப்பவர்களில் கொலஸ்ட்ரோல் குறைந்தவர்கள்தான் சீக்கிரம் சாகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டால் தலைகீழாகத் தெரியும். கொலஸ்ட்ரோல் குறைந்ததால் அவர்கள் சாகவில்லை. சாப்பாடு இறங்காமையும், உடம்புக்குள் ஓயாத அழற்சியும் கொலஸ்ட்ரோலையும் இறக்கும், ஆளையும் இறக்கும். ஆகவே 77ஐப் பார்த்து நான் கை தட்ட மாட்டேன். கொஞ்சம் பயப்படுவேன்.

சரி, ஏறியிருக்கிற 312க்கு வருவோம். ஈரல் கொழுப்பைக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிற துகள்களை நெல்லு மூட்டை ஏற்றின லொறிகள் என்று நினையுங்கள். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகிற சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் மூட்டை இறக்குகிற நாட்டாமைமார் நிற்கிறார்கள். அவர்களுக்கு லிப்போபுரொட்டீன் லிப்பேஸ் என்று பெயர். இன்சுலின் நன்றாக வேலை செய்தால்தான் அவர்களும் வேலைக்கு வருவார்கள். சீனி வருத்தத்தில் பாதிப் பேர் வருவதில்லை. கிட்னியும் போனால், அபோ சி-3 என்று ஒரு புரதம் ரத்தத்தில் கூடிப்போய், வந்து நிற்கிறவர்களையும் தடுக்கிறது. மூட்டை இறங்காத லொறிகள் தெருத் தெருவாகச் சுற்றுகின்றன. அதுதான் 312. எச்டிஎல் 29 என்பதும் இதே கூட்டத்தோடு வருவது. எல்டிஎல் எண் சின்னதாக இருந்தாலும் துகள்கள் பொடியாக, அடர்த்தியாக மாறியிருக்கும். அவை குழாய்ச் சுவருக்குள் லேசாக நுழையும்.

சீனியால் கிட்னி முற்றாகப் போனவர்களின் வழமையான முகம் இதுதான்: ட்ரைகிளிசரைட் மேலே, எச்டிஎல் கீழே, எல்டிஎல் பார்க்க நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். 168இல் 29 போனால் 139. கெட்ட துகள்கள் எல்லாம் சேர்ந்த எண் அது.

நானாவின் உம்மாவுக்கு: வயிற்றில் விடுகிற தண்ணீரில் இருப்பது குளுக்கோஸ். தண்ணீரை இழுக்க அதுதான் வேண்டும். ஆனால் நாலைந்து மணித்தியாலம் வயிற்றில் நிற்கும்போது அதில் பாதிக்கு மேல் ரத்தத்துக்குள் போய்விடும். வாயால் சாப்பிடாமலே ஒரு நாளைக்கு 100 கிராமைத் தாண்டிச் சீனி உள்ளே போகலாம். ஈரல் அதைக் கொழுப்பாக்கும். போதாததற்கு, வெளியே வருகிற தண்ணீரோடு புரதமும் போகும். அதனால்தான் பை மாற்றுபவர்களுக்கு மெஷின்காரர்களை விட எல்டிஎல்லும் கூடுகிறது. குளுக்கோஸ் கூடின, கடுமையான பையை எத்தனை தரம் போடுகிறீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

கட்டில் 14 கூப்பிடுகிறார். குளிசையை நிறுத்த வேண்டாம், காரணம் பிறகு.

வாவியோரம் | திங்கள், காலை 7.15

டொக்டர் சேர், மரியாதையோடு கேட்கிறேன். இந்த ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரோல் குளிசை டயலிசிஸ் ஆட்களுக்கு வேலை செய்யாது என்று ஜெர்மன்காரரே கண்டுபிடித்துவிட்டார்கள். 4டி என்ற ஆய்வு, 2005இல் வந்தது. சீனி வருத்தத்தோடு டயலிசிஸில் இருந்த 1255 பேர். பாதிப் பேருக்கு இதே அட்டோர்வாஸ்டாட்டின் 20. எல்டிஎல் 42 வீதம் விழுந்தது. மாரடைப்பும் சாவும் குறைந்ததா? இல்லை. உயிரை எடுத்த பக்கவாதம் குளிசை போட்டவர்களில் 27, போடாதவர்களில் 13. இதற்குப் பிறகும் "நிறுத்தாதே" என்றால் அது யாருடைய லாபத்துக்கு?

கல்லடிக் காத்து | திங்கள், காலை 7.50

வாவியோரத்தார் விடியக்காலையிலேயே வழக்கைத் தொடங்கிவிட்டார்.

படுவான்கரையான் | திங்கள், பகல் 12.20

டொக்டர், மிக்க நன்றி. கொப்பியில் ஆல்புமின் 2.9 என்று எழுதியிருக்கிறது. ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூன்று மாதச் சீனி 5.9தான், அப்படியானால் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, இல்லையா?

இன்னொன்று. இன்று காலை இன்சுலின் வாங்கப் போன இடத்தில், ஒரு மருந்துக்கடையில் (பெயர் வேண்டாம்) இருந்தவரிடம் ரிப்போட்டைக் காட்டினேன். "312 கூடத்தானே, கொலஸ்ட்ரோல் குளிசை இதுக்கு வேலை செய்யாது" என்று ஃபெனோஃபைப்ரேட் 145 ஒரு மாதத்துக்குத் தந்தார். இரவில் ஒன்று. அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்த்துப் போடட்டாம். போடலாமா?

ஏறாவூர்க் குளிசைக்காரன் | திங்கள், பகல் 12.31

போட வேண்டாம். திரும்பவும் எழுதுகிறேன், போட வேண்டாம்.

நானும் மருந்துக்கடையில்தான் நிற்கிறேன், பதினொரு வருடம். கடைக்காரரைக் குறை சொல்லி முடிப்பது லேசு. கவுண்டரில் ஆள் ரிப்போட்டை நீட்டும்போது எண் தெரியும், கிட்னி தெரியாது. "டயலிசிஸ் செய்கிறாரா" என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ஃபெனோஃபைப்ரேட் கிட்னி வழியாக வெளியேறுகிற மருந்து. கிட்னி முற்றாகப் போனவருக்கும் டயலிசிஸில் இருப்பவருக்கும் கொடுக்கவே கூடாது என்று பெட்டிக்குள் இருக்கிற தாளிலேயே எழுதியிருக்கும். உடம்பில் தேங்கும். ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசை கரையும் ஆபத்துக் கூடும். சாதாரண ஆள் என்றால் தொடை நோவு வரும், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், உடனே தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரே போகாதே தம்பி, எந்த நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள்? கரைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலக்கும். அடுத்த டயலிசிஸ் வரைக்கும் இதயம் தாங்குமா?

பெட்டியை உடைக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணத்தையும் அவரிடம் சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். அடுத்த ஆளுக்காவது கேள்வி கேட்பார்.

படுவான்கரையான் | திங்கள், பகல் 12.44

ஒன்றும் போடவில்லை அண்ணே. பெட்டி இன்னும் மோட்டார் சைக்கிள் பைக்குள்தான் கிடக்கிறது. கை நடுங்குகிறது.

இயற்கைநேசன் | திங்கள், பிற்பகல் 2.10

[இந்தப் பதிவு மட்டுறுத்துநரால் மறைக்கப்பட்டது. டயலிசிஸ் நோயாளிக்குத் தினமும் தெம்பிலி (செவ்விளநீர்) குடிக்கச் சொல்வது உயிராபத்து. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். இந்த இழையில் வீட்டு வைத்தியம் எழுதுவோர் ஒரு தரம் யோசித்து எழுதவும்.]

வெள்ளைக்கோட்டு | திங்கள், இரவு 8.55

நித்திரை கொண்டு எழும்பினேன். ஒவ்வொன்றாக.

ஃபெனோஃபைப்ரேட் பற்றி ஏறாவூர் அண்ணன் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. 312க்கு மருந்து அவசரமும் இல்லை. ட்ரைகிளிசரைட் 500ஐத் தாண்டினால் நாங்கள் கண் வைப்போம். 1000 பக்கம் போனால் கணையம் வீங்கும் பயம். 312க்குச் சீனியையும் மாச்சத்தையும் பார்ப்பதுதான் வழி.

மூன்று மாதச் சீனி 5.9ஐ நம்ப வேண்டாம். அந்தச் சோதனை சிவப்பணுவில் ஒட்டின சீனியை அளப்பது. கிட்னி போனவரின் சிவப்பணு சீக்கிரம் சாகும். ரத்தம் ஊற ஊசியும் போடுவார்கள், புதுப் பணுக்கள் வந்துகொண்டே இருக்கும். சீனி ஒட்ட நேரம் கிடைக்காது, எண் பொய்யாகக் குறையும். விரலில் குத்திப் பார்ப்பதை எழுதி வையுங்கள். மறுபக்கமும் உண்டு. இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு. அது போனால் போட்ட இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் நின்று சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். அரைக் குழல் பிட்டுச் சாப்பிடுகிறவருக்குப் பழைய அளவு இன்சுலின் போடுகிறீர்களா? விடியப்புறம் வியர்க்கிறதா? இதைக் கொலஸ்ட்ரோலுக்கு முதல் கேளுங்கள்.

வாவியோரம் அண்ணே, நீங்கள் சொன்ன எண்கள் சரி. இங்கே ஒருவர் ஆய்வை ஒழுங்காக வாசித்துவிட்டு வந்து சண்டை பிடிப்பது எனக்குச் சந்தோஷம். உங்கள் பக்கத்துக்கு நானே இன்னொன்று தருகிறேன். 2009இல் அவுரோரா என்று 2776 டயலிசிஸ் நோயாளிகளில் ரோசுவாஸ்டாட்டின் 10 கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் எல்டிஎல் விழுந்தது, சாவு குறையவில்லை.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளியே நடமாடுகிறவர்களின் மாரடைப்பில் குழாய்க்குள் கொழுப்புக் கட்டி வெடிக்கிறது, ஸ்டாட்டின் அதைத்தான் தடுக்கிறது. டயலிசிஸ் ஆட்களின் இதயம் பெரும்பாலும் வேறு வழியில் போகிறது. பொஸ்பரசும் கல்சியமும் சேர்ந்து குழாயைச் சுண்ணாம்பாக்குகிறது, இதயச் சுவர் தடிக்கிறது, தண்ணீரும் பொட்டாசியமும் ஏறி இறங்க, ஒரு நாள் துடிப்புக் குழம்பி நின்றுவிடுகிறது. 4டியில் இறந்தவர்களில் நாலில் ஒரு பங்கு அப்படித் திடீரென்று போனவர்கள். அந்தச் சாவைக் கொலஸ்ட்ரோல் குளிசை எப்படித் தடுக்கும்?

ஆனால் அந்த இரண்டு ஆய்வும் டயலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்கினால் என்ன என்றுதான் பார்த்தன. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் நிறுத்தினால் என்ன என்று பார்க்கவில்லை. 2011இல் ஷார்ப் என்ற ஆய்வில் 9270 பேர், மூன்றில் இரண்டு பங்கு டயலிசிஸுக்கு முந்திய நிலையில் இருந்தவர்கள். சிம்வாஸ்டாட்டினும் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரோல் மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது குழாய் அடைப்பால் வரும் பெரிய சம்பவங்கள் 17 வீதம் குறைந்தன. இதையெல்லாம் வைத்து 2013இல் கேடிகோ என்ற உலகச் சிறுநீரக அமைப்பின் வழிகாட்டி வந்தது. கிட்னி பழுது, இன்னும் டயலிசிஸ் இல்லை, வயது ஐம்பதைத் தாண்டிற்று என்றால் ஸ்டாட்டின் கொடு. டயலிசிஸ் தொடங்கின பிறகு புதிதாகத் தொடங்காதே. முந்தியே போட்டுக்கொண்டு வந்தவருக்குத் தொடர்.

கடைசி வரி பலமான பரிந்துரை அல்ல என்பதையும் ஒளிக்கவில்லை. தசை நோவு வந்தாலோ, குளிசைப் பாரம் தாங்காமல் முக்கியமான வேறு மருந்தைத் தவறவிட்டாலோ, டொக்டரும் நோயாளியும் பேசி நிறுத்துவதில் குற்றமில்லை. "77க்கு வந்துவிட்டது, வேலை முடிந்தது" என்பது மட்டும் காரணம் ஆகாது.

வாவியோரம் | திங்கள், இரவு 9.30

தொடங்குவது வேறு, நிறுத்துவது வேறு. அதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். கம்பனிகள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

வெள்ளைக்கோட்டு | திங்கள், இரவு 9.33

அட்டோர்வாஸ்டாட்டின் பேட்டன்ட் முடிந்து எத்தனையோ வருடம் அண்ணே. ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள்.

அம்பாறை ரோட்டு | செவ்வாய், காலை 6.40

குறுக்கே ஒரு கேள்வி. தெஹியத்தகண்டிப் பக்கம் சீனி வருத்தமே இல்லாமல் வயல்காரர்களுக்குக் கிட்னி போகிறதே, அவர்களுக்கும் இதே கொழுப்புக் கதைதானா?

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், காலை 7.05

முழுக்க இல்லை. அந்த நோய் கிட்னியின் வடிகட்டியை விட, அதன் பின்னால் இருக்கும் குழாய்களையும் இடைத் திசுவையும்தான் முதலில் தாக்குகிறது. சிறுநீரில் புரதம் அதிகம் ஒழுகாது. ஆகவே ஒழுக்கினால் வருகிற 262 மாதிரி ஏற்றத்தை அவர்களில் எதிர்பார்க்க மாட்டேன். கடைசிக் கட்டத்து லொறிக் கதை யாருக்கும் வரும். இதற்கு வேறு இழை தொடங்குங்கள், பேசலாம்.

ஆரையம்பதி அக்கா | செவ்வாய், முற்பகல் 10.15

நான் படித்தவள் இல்லை, நாலு வருடம் என்ட மனிசனை வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி.

முதல் வருடம் அவருக்கும் கொழுப்புக் கூட என்று ஒரு ரிப்போட் வந்தது. நான் என்ன செய்தேன்? தேங்காய்ப்பூவை நிறுத்தினேன். பால்சொதியை நிறுத்தினேன். முட்டை, இறால், நண்டு, தயிர் எல்லாம் நிறுத்தினேன். மீனையும் அவித்து, உப்பும் இல்லாமல் கொடுத்தேன். சோறு மட்டும் வயிறு நிறையட்டும் என்று மூன்று அகப்பை போடுவேன். பிளேன்டீக்குச் சீனி இல்லை, ஆனால் பக்கத்தில் மாரி பிஸ்கட் ஆறு. மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டி, காற்சட்டைக்குக் கயிறு கட்டினார். திரும்ப ரத்தம் எடுத்தால் ட்ரைகிளிசரைட் முன்பை விடக் கூட!

கிளினிக்கில் சாப்பாடு பற்றிச் சொல்கிற மிஸ் என்னை இருத்திவைத்துக் கேட்டா. "எண்ணெயைக் குறைத்தீங்க, சோற்றையும் பிஸ்கட்டையும் ஏன் கூட்டினீங்க? அந்தக் கொழுப்பை ஈரல் செய்கிறது மாச்சத்தில் இருந்து." அப்புறம் சொன்னா, டயலிசிஸ் தொடங்கின பிறகு புரதம் கூடத் தேவை, ஒரு கிலோ உடம்புக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே என்று. தொடங்க முன் குறைக்கச் சொன்னவர்கள்தானே இவர்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. தொடங்க முன் ஒரு சட்டம், தொடங்கின பின் இன்னொரு சட்டம். அதை யாரும் வாசலில் எழுதி ஒட்டுவதில்லை.

இப்போது நான் செய்கிறது: சோறு அளந்து ஒரு கோப்பை. ஒவ்வொரு நேரமும் மீனோ கோழியோ உள்ளங்கை அளவு. சூடை மீன் கிடைத்தால் விடமாட்டேன், அதன் எண்ணெய் நல்லது. கருவாடு வீட்டுக்குள்ளேயே இல்லை, உப்பு தண்ணீரை இழுக்கும். கறிக்கு முதற்பால் இல்லை, இரண்டாம் பால் கொஞ்சம். பிட்டுக்குத் தேங்காய்ப்பூ போடுகிறேன், போடாமல் இருந்தால் அவர் பிட்டையே தொடமாட்டார். ஆனால் பாதி. எருமைத் தயிர் சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு கரண்டி, பாணி இல்லாமல். மரக்கறியைப் பொடியாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்த தண்ணீரையும் ஊற்றிவிட்டுத்தான் தாளிப்பேன். அது பொட்டாசியத்துக்கு, கொழுப்புக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நான் முதல் வருடம் மனிசனைப் பட்டினி போட்டேன்.

முட்டை வெள்ளை ஒரு நாளைக்கு இரண்டு. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுப் பொரித்தால் இறங்கும்.

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், பகல் 1.20

படித்தவள் இல்லையாம். அக்கா, இந்தப் பதிவை அச்செடுத்து விடுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

ஆய்வுகூடத்தான் | செவ்வாய், பகல் 1.45

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. படுவான்கரைத் தம்பி, ரத்தம் எப்போது எடுத்தது? டயலிசிஸுக்கு முதலா, பிறகா?

எல்டிஎல்லைப் பல இடங்களில் நேரே அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறோம். 1972இல் வந்த பழைய சூத்திரம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழி, ட்ரைகிளிசரைட்டை ஐந்தால் பிரித்து அதையும் கழி. 168இல் 29 போய், 62 போய், 77. ட்ரைகிளிசரைட் ஏற ஏற அந்த ஐந்தால் பிரிக்கிற வேலை பிசகும். 400ஐத் தாண்டினால் சூத்திரத்தையே பாவிக்கக் கூடாது.

டயலிசிஸ் நேரத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போடுவார்கள். டொக்டர் சொன்ன நாட்டாமைமாரை அது குழாய்ச் சுவரிலிருந்து பிடுங்கி ரத்தத்துக்குள் இறக்கிவிடும். அவர்கள் அங்கேயே மூட்டையை உடைக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ட்ரைகிளிசரைட் உள்ளதை விடக் குறைவாகக் காட்டலாம். வெறும் வயிற்றில், மெஷினில் போட முதல் எடுத்தால்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம்.

படுவான்கரையான் | செவ்வாய், இரவு 8.10

பிறகுதான் எடுத்தது. மெஷினிலிருந்து கழற்றும்போதே எடுத்துவிடுங்கள், இன்னொரு தரம் குத்த வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன்.

இன்சுலின் பற்றியும் பார்த்தேன். அம்மா சொல்கிறா, இரண்டு கிழமையாக விடியப்புறம் தலையணை நனைகிறதாம். மின்விசிறி போதாது என்று நினைத்தாவாம். இன்று விடிய நாலு மணிக்குக் குத்திப் பார்த்தோம், சீனி வெறும் 58. நாளைக்கே போகிறோம், பதினாறு நாள் காத்திருக்கவில்லை.

படுவான்கரையான் | பதினேழு நாள் கழித்து, இரவு 7.48

நடந்ததை எழுதாமல் விட்டால் மரியாதை இல்லை.

அடுத்த நாளே போனோம். இன்சுலினை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். தலையணை நனைவது நின்றது. சீனி இறங்குகிற பயம் போன பிறகு அப்பாவுக்குக் கொஞ்சம் பசியும் வந்திருக்கிறது, அல்லது எங்களுக்கு அப்படித் தெரிகிறது.

கொழுப்புக்கு ரத்தம் திரும்ப எடுத்தோம், வெறும் வயிற்றில், மெஷினுக்கு முதல். மொத்தம் 174, ட்ரைகிளிசரைட் 356, எச்டிஎல் 28, கணக்குப் போட்ட எல்டிஎல் 75. ஆய்வுகூடத்தார் சொன்னபடி ட்ரைகிளிசரைட் ஏறித்தான் வந்தது. ஹெப்பரினாலா, வேறு காரணத்தாலா என்று தெரியாது. கிளினிக்கில் டொக்டர் எல்டிஎல்லைப் பார்க்கவே இல்லை. ஆல்புமினில் விரலை வைத்து, "இதை ஏற்றுங்கள், அதுதான் இப்போது உங்கள் வேலை" என்றார். அட்டோர்வாஸ்டாட்டின் தொடரட்டும் என்றார். ஃபெனோஃபைப்ரேட் பற்றிச் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் காசையும் தந்து, தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

அப்பாவை வழிக்குக் கொண்டுவர ஆரையம்பதி அக்காவின் மிளகு முட்டைதான் உதவியது. இரண்டு முட்டை வெள்ளை பொரித்து, அதற்குப் பக்கத்தில் அந்தக் குளிசை. "இதைத் தின்ன வேணுமென்டா அதையும் முழுங்கணும்" என்று அம்மா நிற்கிறா. முழுங்குகிறார். மஞ்சள் கருவில் பொஸ்பரஸ் கூட என்று அவருக்குக் கொடுப்பதில்லை. இப்போது எங்கள் வீட்டு நாய்தான் கொழுத்துப்போயிற்று.

ஆரையம்பதி அக்கா | இரவு 8.02

சந்தோஷம் மனே. சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் கூடப் போடுங்கள்.

சாய்ந்தமருது நானா | இரவு 8.20

உம்மாவுக்கும் கடுமையான பையை இரவில் ஒன்றாகக் குறைத்து, உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடிக்கிறோம். அடுத்த மாதம் ரத்தம். இந்த முறை பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவேன்.

கல்லடிக் காத்து | இரவு 8.31

தம்பி, அந்த மஞ்சள் கருவை ஏன் நாய்க்குப் போட்டு வீணாக்குகிறீர்கள்? பஸ்ஸில் கல்லடிக்கு அனுப்பிவிடுங்கள்.

படுவான்கரையான் | இரவு 8.33

158 அண்ணே. 158.